வன்னியில் ஒரு குளக்கட்டு, ஒரு சின்னப் பூங்கா: வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் நீண்ட காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இப்போது கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது, இல்லாவிட்டால் தங்கள் கூட்டாளிகளை இந்தப் பக்கம் அனுப்பும்போது, "ரீச்சர், சனநெரிசல் இல்லாமல் ஆறுதலாக இருக்க ஓர் இடம் சொல்லுங்கோ" என்று கேட்பார்கள். ஓர் இடம் சொன்னால் அதற்குப் பின்னால் பத்துக் கேள்வி வரும். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

ரீச்சர், வன்னி எண்டால் சரியா எந்த இடம்? கிளிநொச்சியும் வன்னியோ?

ஓம், கிளிநொச்சியும் வன்னிதான். யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு ஆனையிறவைத் தாண்டித் தெற்கே வந்தால் தொடங்கும் பெருநிலம் இது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களும் மன்னாரின் பெருநிலப் பகுதியும் இதற்குள் வரும். தேர்தல் கணக்கில் மட்டும் வன்னி மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான். கிளிநொச்சியை யாழ்ப்பாணத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள்.

அங்க பார்க் இருக்கா? கூகுள் மப்பில தேடினால் ரெண்டு மூண்டுதான் வருது.

மாநகரசபையும் பிரதேச சபைகளும் பராமரிக்கும் பூங்காக்கள் வவுனியா, கிளிநொச்சி போன்ற இடங்களில் இருக்கின்றன. ஊஞ்சல், சறுக்கு, சில சீமெந்து வாங்குகள் (நீள இருக்கைகள்), சுற்றிவர வேலி, ஒரு படலை. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அவை போதும். காலையில் நடக்கிறவர்கள் சிலர் வருவார்கள், பின்னேரம் தாய்மார் பிள்ளைகளோடு வருவார்கள், மற்ற நேரம் அமைதி.

ஆனால் எங்கள் சனம் ஆறுதலுக்குப் போகிற இடம் பெரும்பாலும் வரைபடத்தில் 'பூங்கா' என்று போட்டிருக்காது. குளக்கட்டு (குளத்து நீரைத் தடுத்து நிற்கும் அணை), கோயில் வீதியில் நிற்கும் வேப்பமரம், சனசமூக நிலையத்து முற்றம், விளையாட்டு மைதானத்து ஓர நிழல், இவைதான் அந்த இடங்கள். மற்ற ஊர்களில் பூங்கா செய்கிற வேலையை வன்னியில் குளம் செய்கிறது. அதனால் இனி வரும் பதில்களில் பூங்கா என்று நான் சொன்னால் குளக்கட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'சுண்டிக்குளம் தேசிய பூங்கா' எண்டு போட்டிருக்கே. அங்க பிள்ளையளுக்கு விளையாட ஏதும் இருக்குமோ?

இல்லை. அது 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட பறவைகளின் இடம். கடலோரமும் களப்பும் உவர்நிலமுமாக இருக்கும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் அங்கே உண்டு. பறவை பார்க்கிறவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்கிப் போகலாம். ஊஞ்சல் தேடிப் போனால் பிள்ளை அழும்.

ஒரே ஒரு பின்னேரம்தான் இருக்கு. எந்தக் குளத்துக்குப் போக?

எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வவுனியாவில் என்றால் நகரோடு ஒட்டியே வவுனியாக் குளம் இருக்கிறது. கிளிநொச்சியில் என்றால் நகரத்திலேயே கிளிநொச்சிக் குளம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போக முடியுமென்றால் இரணைமடுவுக்குப் போங்கள். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில் இரணைமடுச் சந்தியில் திரும்பி, ஆட்டோவில் சிறிது நேரத்தில் போய்விடலாம். பக்கத்திலேயே கனகாம்பிகை அம்மன் கோயிலும் இருக்கிறது.

இரணைமடுவைச் சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. இந்தக் குளம் இல்லாவிட்டால் கிளிநொச்சி என்று ஓர் ஊரே இல்லை. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் வேலை தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் முடித்தார்கள். இரண்டு மடுக்கள் இருந்த இடம் என்பதால் இரணைமடு. அப்புறம் 1936இல்தான், யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் இல்லாதவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிக் கிளிநொச்சியை உருவாக்கினார்கள். குளம் முதலில், ஊர் பிறகு. இன்று வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் இதுதான். குளக்கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், மறுபக்கம் அந்தத் தண்ணீரைக் குடித்து நிற்கும் வயல். வகுப்பில் நீர்ப்பாசனம் படிப்பிக்கிற நாட்களில் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப்போவேன்.

நாங்கள் வவுனியாவில நிக்கிறம். அப்ப வவுனிக்குளம் பக்கத்திலதானே?

இல்லை, பிள்ளை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வவுனிக்குளம் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில், மல்லாவி, துணுக்காய்ப் பக்கம். வவுனியா நகரத்திலிருந்து மாங்குளம் வந்து மேற்கே திரும்பிப் போக வேண்டும். அழகான குளம், போகத்தான் வேண்டும், ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாளை வையுங்கள். நகரத்துக்குள் இருப்பது வவுனியாக் குளம். ஆட்டோக்காரரிடம் சொல்லும்போது முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

எப்பிடி வாறது? வாகனம் பிடிக்காமல் வரலாமோ?

வரலாம். 1990இல் நின்றுபோன வடக்கு ரயில் 2013 செப்டம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும் திரும்ப வந்துவிட்டது. கொழும்புக் கோட்டையில் ஏறினால் வவுனியாவிலோ மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ இறங்கலாம். எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்காது, ரிக்கெற் எடுக்கும்போதே கேளுங்கள். யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் பெரும்பாலும் ஏ9 வழியாகத்தான் போகின்றன, அவற்றிலும் வரலாம். முல்லைத்தீவுக்கு மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் வீதி பிரியும்.

திரும்பிப் போகிற பஸ்ஸைத்தான் கவனிக்க வேண்டும். உள்வீதிகளில் பொழுதுபட்டால் பஸ் குறைவு. இறங்கும்போதே நடத்துநரிடம், "அண்ணை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வையுங்கள். கூட்டிவந்த ஆட்டோக்காரரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைப்பதும் நல்லது.

அனுமதி ஏதும் எடுக்க வேணுமோ? நான் கனேடிய பாஸ்போர்ட்.

குளக்கட்டுக்கும் ஊர்ப் பூங்காவுக்கும் வேண்டாம். போருக்குப் பிறகு ஒரு காலம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள், வவுனியாவுக்கு வடக்கே இருக்கிற ஓமந்தையைத் தாண்டப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு 2015 ஜனவரியில் நீங்கிவிட்டது. அந்த நாள் நினைப்பில் இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. கடவுச்சீட்டின் பிரதி ஒன்று கைவசம் இருக்கட்டும், அது எங்கே போனாலும் நல்லது.

வேலி போட்ட பூங்காக்களுக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம் உண்டு. மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை, நேரத்தை விசாரிக்காமல் நான் அனுப்பி, அவர்கள் மூடிய படலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்று சின்னப் பிள்ளைகள். இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம். போகும் முன் பக்கத்துக் கடையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லம்? எத்தனை மணிக்குப் போகவேணும்?

மாசி, பங்குனி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மாரி மழை ஓய்ந்திருக்கும், குளம் நிறைந்து நிற்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல் வெட்டுகிற நாட்களும் அதையொட்டித்தான் வரும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகளும் நிற்கும். மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளத்துக்குப் போகிறவர்கள் இந்த மாதங்களைத்தான் பார்க்க வேண்டும்.

வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று வீசும். புழுதியும் வெக்கையும்தான், ஆனால் அந்த நாட்களில்தான் பாலைப்பழம் வரும். வீதியோரத்தில் வைத்து விற்பார்கள். மஞ்சள் நிறச் சின்னப் பழம், தேன் மாதிரி இனிக்கும், பால் உதட்டில் ஒட்டும். அதற்காகவே ஆனியில் வருகிறவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம். 2018 டிசம்பரில் ஒரே இரவில் பெருமழை கொட்டி, இரணைமடுவின் வான்கதவுகள் (மிகுதி நீரை வெளியேற்றும் கதவுகள்) திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. வான் பாய்வதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். தள்ளி நின்று பாருங்கள், வான் பாயும் வழியில் இறங்க வேண்டாம்.

நேரம் கேட்டால், காலை ஆறிலிருந்து எட்டு, பின்னேரம் நாலரையிலிருந்து ஆறரை. நடுப்பகலில் குளக்கட்டில் நிழல் கிடையாது.

ரீச்சர், நீங்கள் சொன்ன இடத்துக்குப் போனம். அங்க ஒண்டுமே இல்லையே? அரை மணித்தியாலத்தில வந்திட்டம்.

இந்தக் கேள்வி வந்த நாளில்தான் இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். நாலரைக்குப் போய் ஐந்து மணிக்கு எழும்பி வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கும். பட்டமரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்தபடி நிற்கும். மீன் பிடிக்க முழுகிற பறவை அது, அதன் சிறகு நனைந்துவிடும், அதனால்தான் அப்படி நின்று காயவைக்கிறது. ஐந்து மணி கடந்தால் அலைகரையில் மேய்ந்த மாடுகள் திரும்பும். தண்ணீர் வற்ற வற்ற அங்கே புல் முளைத்துக்கொண்டு போகும், மாடுகளுக்கு அந்தக் கணக்குத் தெரியும். வள்ளத்தில் இருவர் போய் இரவு வலை போடுவார்கள், விடியத்தான் எடுப்பார்கள். ரியூசன் முடிந்த பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கதைத்துக்கொண்டு வருவார்கள். எங்கேயோ கரப்பந்து அடிக்கிற சத்தம் கேட்கும். ஆறு மணிக்குக் கோயில் மணி. கொக்குகள் கூட்டம் கூட்டமாக ஒரே மரத்துக்கு வந்து இறங்கும்போது அந்த மரம் வெள்ளையாகிவிடும்.

இன்னொன்று, கட்டில் நிற்கும் வயசானவர்களைப் பாருங்கள். துருசடியில், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகடியில், அளவுகோலைப் பார்த்துத் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருப்பார்கள். இரணைமடுவின் நிறைமட்டம் 36 அடி. ஒவ்வொரு வருடமும் சிறுபோகம் என்கிற கோடைகால நெற்செய்கைக்கு முன்பு, குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். யாருக்கு எத்தனை ஏக்கர் கிடைக்கும் என்பது அந்த அடிக்கணக்கில்தான் இருக்கிறது. நீங்கள் வேடிக்கையாகப் பார்க்கும் தண்ணீர் அவர்களுக்கு அடுத்த ஆறு மாதச் சோறு.

அதனால் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு இருங்கள்.

சாப்பிட என்ன கிடைக்கும்?

குளக்கட்டில் கடை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். சந்திக் கடையில் பிளேன்ரீயும் வடையும் பணிஸும் கிடைக்கும், அதை முடித்துக்கொண்டு போங்கள். ஏ9 வழியாக வருகிறவர்கள் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் வரமாட்டார்கள். அந்தக் கச்சான் ஒரு சரையைக் கையில் வைத்துக்கொண்டு குளக்கட்டில் இருந்தால் வேறொன்றும் தேவையில்லை. கச்சான் கோதுகளை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள். பொலித்தீன் பையை எக்காரணம் கொண்டும் அங்கே விட வேண்டாம், மாடு தின்றுவிடும்.

மலசலகூடம் இருக்கா? தண்ணி குடிக்கலாமா?

வேலி போட்ட பூங்காக்களில் இருக்கும், திறந்திருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். குளக்கட்டில் இல்லை. புறப்படும் இடத்திலேயே போய்விட்டு வாருங்கள். அவசரமென்றால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் தயங்காமல் கேட்கலாம், மறுக்க மாட்டார்கள். அநேகமாகத் தேத்தண்ணியும் தருவார்கள்.

குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், ஆளுக்கு ஒரு லீற்றராவது. எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது, பழகாத வயிற்றுக்கு ஒத்துவராது.

நுளம்பு? மலேரியா வரும் எண்டு அம்மா பயப்பிடுறா.

அம்மாவின் பயம் நியாயமானது. அவர் இளமையில் வன்னி என்றாலே மலேரியாதான். ஆனால் 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறது, மழைக்காலத்தில் கூடும். முழுக்கைச் சட்டை போடுங்கள், நுளம்புக்குப் பூசுகிற களிம்பு ஒன்றைக் கொண்டுவாருங்கள்.

முதலை இருக்காம், உண்மையோ? அப்ப சனம் குளிக்குதே?

உண்மை. பெரிய குளங்களில் முதலை உண்டு. சனம் குளிக்கிற துறை பழகிய துறை. எங்கே ஆழம், எங்கே சேறு, எந்த நேரத்தில் இறங்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதனால் குளத்தில் இறங்க வேண்டாம். துருசுக்குக் கிட்டவும் வான்கதவுக்குக் கிட்டவும் நீந்தத் தெரிந்தவர்களே போய்விட்ட கதைகள் எங்களிடம் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளை அலைகரையில் தனியே விடாதீர்கள்.

பாம்பும் உண்டு. புல் மண்டிய இடத்தில் செருப்புக்குப் பதில் சப்பாத்துப் போட்டு நடவுங்கள், இருட்டினால் ரோச் அடியுங்கள். புடையன் கடித்தால் கைவைத்தியம் பார்க்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. 1990 என்று அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். யானை பெரும்பாலும் காட்டோரக் கிராமங்களில், ஓமந்தை, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம். அந்தப் பக்கத்துக் குளங்களுக்குப் போனால் பொழுதுபட முன் வெளியே வந்துவிடுங்கள், ஊர்ச் சனம் "இண்டைக்குப் போகாதேங்கோ" என்றால் போகாதேங்கோ.

மிதிவெடி இன்னும் இருக்கோ?

சனம் இருந்து பழகுகிற குளக்கட்டுகளும் பூங்காக்களும் வீதிகளும் அகற்றி முடித்த இடங்கள். 2009இலிருந்து இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. முகமாலைப் பக்கம்தான் மிகக் கடினமான பகுதியாக இருந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் ஓரடியும் தாண்ட வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும் காட்டுக்குள் குறுக்குப் பாதை தேட வேண்டாம். மாடு நடந்த பாதை, சைக்கிள் ஓடின பாதை, அவ்வளவுதான். மண்ணில் இரும்பாக ஏதும் தெரிந்தால் தொடாதீர்கள், 119க்குச் சொல்லுங்கள்.

நான் தனியா வாற பெண். பயமில்லாமல் இருக்கலாமோ?

பகலில் இருக்கலாம். நானே தனியாகத்தான் போகிறேன். ஆனால் என்னை ஊரில் எல்லோருக்கும் தெரியும், உங்களைத் தெரியாது. உங்களைப் பார்ப்பார்கள், "எங்கை இருந்து வாறியள் பிள்ளை?" என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் விசாரிப்புத்தான். பெண்கள், பிள்ளைகள் இருக்கிற பக்கமாக இருங்கள். ஆறரைக்குள் வெளிக்கிடுங்கள். ஒதுக்குப்புறத்தில் இளைஞர் கூட்டமாகப் போத்தலோடு இருப்பதைக் கண்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். இப்படி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் நடக்கிறதை மறைத்து உங்களை வரச் சொல்ல முடியாது.

உடுப்பைப் பற்றியும் கேட்பீர்கள். முழங்காலும் தோளும் மறைந்தால் எங்கேயும் போகலாம், பக்கத்துக் கோயிலுக்குள்ளும் போகலாம்.

மேடம், தமிழ்நாட்டில இருந்து வர்றோம். ட்ரோன் கொண்டு வரலாமா? கல்யாண ஜோடிக்கு ஒரு ஷூட் பண்ணணும்.

ட்ரோன் பறக்கவிட இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் கொண்டுவந்தால் வீண் கரைச்சல். வன்னியில் படைமுகாம்கள் பல இடங்களில் வீதிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் கையில் இருக்கிற கமராவால்கூட எடுக்கக் கூடாது.

சாதாரணக் கமராவில் மணமக்களைப் படம் எடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் குளிக்கிற துறையை நோக்கிக் கமராவைத் திருப்பாதீர்கள். பிள்ளைகளை எடுக்க வேண்டுமென்றால் தாயிடம் கேளுங்கள். பின்னேரம் எல்லோரும் நடக்கிற கட்டை மறித்து ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டாம், விடியக்காலை ஆறு மணிக்குப் போனால் வெளிச்சமும் நல்லது, இடமும் உங்களுக்கே.

அங்க இருக்கிற ஆக்களோட கதைக்கலாமா? போர் நேரம் என்ன நடந்தது எண்டு கேட்டுப் பதிவு செய்ய விருப்பம்.

கதைக்கலாம். அதை முதலில் கேட்க வேண்டாம். பின்னேரம் குளக்கட்டுக்கு வருகிற மனிசர் அந்த இரண்டு மணித்தியாலத்துக்காவது அதை இறக்கிவைக்கத்தான் வருகிறார். பக்கத்தில் இருக்கிற அம்மா யாரைத் தேடிக்கொண்டிருக்கிறார், யாரைப் புதைத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. நானும் இதே ஊரில்தான் இருந்தேன், இடம்பெயர்ந்தேன், 2010இல் திரும்ப வந்தேன். ஒருநாள் குளக்கட்டில் எனக்குப் பக்கத்தில் யாரோ முன்பின் தெரியாதவர் வந்து இருந்து, ஐந்தாவது நிமிடம் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு, "உங்கட ஆக்கள் எத்தனை பேர் போனவை?" என்று கேட்டார். நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை.

முன்பு சொன்ன அளவுகோல் ஞாபகம் இருக்கிறதல்லவா? "ஐயா, இப்ப எத்தனை அடி தண்ணி நிக்குது? இந்தமுறை சிறுபோகம் செய்யலாமோ?" என்று கேட்டுப் பாருங்கள். வயலைச் சொல்வார், மழையைச் சொல்வார், மகளைச் சொல்வார். மற்றதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அவராகவே சொல்வார். அப்போது இடையில் பேசாமல் கேளுங்கள், படம் எடுக்க வேண்டாம்.

அழைக்கும் முறையையும் சிலர் கேட்டார்கள். வயசானவரை ஐயா, அம்மா. நடுவயதுக்காரரை அண்ணை, அக்கா. சின்னவர்களைத் தம்பி, தங்கச்சி. முன்பின் தெரியாதவரை அங்கிள், அன்ரி என்றும் இப்போது பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், அதிலும் பிழையில்லை.

எந்த நாட்களில வரக் கூடாது?

வரக் கூடாத நாள் என்று ஒன்றுமில்லை, அமைதி தேடி வருகிறவர்கள் பார்த்து வரவேண்டிய நாட்கள் உண்டு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். கடல்நீரில் விளக்கெரிக்கிற வழக்கம் அங்கேதான். முல்லைத்தீவு வீதிகளெல்லாம் சனமாக இருக்கும், தங்க இடம் கிடைக்காது. அந்தப் பொங்கலைப் பார்க்க வருகிறீர்கள் என்றால் கட்டாயம் வாருங்கள், குளக்கரையை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

மே 18உம் நவம்பர் 27உம் இங்கே போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்கள். மே மாதத்தில் அந்த வாரம் முழுக்க, போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக, வீதியோரங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். உங்களுக்கும் நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக் குடியுங்கள். அந்த நாட்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு குளக்கட்டில் பிறந்தநாள் கொண்டாட வேண்டாம்.

நாங்கள் பிரான்சில இருக்கிறம் ரீச்சர். அப்பான்ர ஞாபகமா குளக்கட்டில ஒரு வாங்கு போட்டுக் குடுக்கலாமோ, பெயர் எழுதி?

இந்தக் கேள்வி கேட்டவருடைய அப்பாவை எனக்குத் தெரியும், அதனால் யோசித்துத்தான் பதில் சொன்னேன். குளக்கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. கட்டில் கிடங்கு வெட்டக் கூடாது, சீமெந்து போடக் கூடாது, மரமும் வைக்கக் கூடாது. வேர் குளக்கட்டைப் பிளக்கும். அதனால் கட்டை விட்டுவிடுங்கள். பூங்கா என்றால் பிரதேச சபையில் எழுத்தில் கேட்கலாம். சனசமூக நிலையத்து முற்றம் என்றால் அதன் நிர்வாகத்தோடு கதைக்கலாம்.

வாங்கை விட மரம் நல்லது என்பது என் எண்ணம். முற்றத்தில் ஒரு வேம்போ மருதோ வைக்கலாம். ஐப்பசியில் வைத்தால் மாரி மழை அதைப் பிழைக்க வைக்கும். ஆடு கடிக்காமல் சுற்றிவர முள்ளுக் கட்ட வேண்டும். பங்குனியிலிருந்து ஆவணி வரை, முதல் இரண்டு வருடம், ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது யார் என்று பெயர் சொல்லிப் பேசி முடித்துவிட்டுக் காசை அனுப்புங்கள். கேள்வி கேட்டவர் இந்த வருடம் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறார். எதிர் வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பொடியன் தண்ணீர் ஊற்றுகிறான், நான் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.